தம்பி சைக்கிளுக்கு நான் போட்ட பேரிங்

டொக்.

அவ்வளவுதான் சத்தம். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பேரிங், அதன் குழிக்குள் தானாக இறங்கி உட்கார்ந்தது. சுத்தியலால் தட்டவில்லை. வைஸில் வைத்து நெருக்கவில்லை. இடுக்கியில் பிடித்துக் குழிக்கு நேரே காட்டினேன், வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"பாத்தியாடா?" என்றேன்.

எதிரே குந்தியிருந்த தம்பி குமரேசன் கைதட்டினான். "அக்கான்னா அக்காதான்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் வீட்டு வாசலில் சாக்கு விரித்து, அதன் மேல் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தோம். கிரீஸ் வாசனை, பெயின்ட் தீய்ந்த வாசனை, உள்ளே அம்மா தாளித்த கடுகு வாசனை எல்லாம் கலந்து வீசியது. என் வாழ்க்கையில் நான் ரொம்பப் பெருமைப்பட்ட நிமிஷங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பெருமைக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் பேரிங் போட்ட மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து கடிதங்கள் வருகின்றன. ஆம்பிளைகள் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் ஃபிட்டராக நின்று காட்டினீர்களே என்று எழுதுகிறார்கள். போன வாரம் ஒருவர் "இரும்புப் பெண்மணி" என்று எழுதியிருந்தார். வாராவாரம் என் சாமர்த்தியத்தை அளந்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். குமரேசன் கீழே விழுந்தான் என்று நாலாவது வாரமே எழுதினேன். எதனால் விழுந்தான் என்று எழுதவில்லை.

எழுதவேண்டுமென்றால் முதலில் அவனிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதைத்தான் இத்தனை வருஷமாகச் செய்யவில்லை.

ரயிலில் வந்த சைக்கிள்

அப்பா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு அதிக நாள் இருக்கவில்லை. நெஞ்சு முழுக்கக் கல்தூசி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றி மூன்று வாரம் எழுதிவிட்டேன், போதும். எனக்குக் கல்யாணம் ஆகி, ஆகாத மாதிரியே முடிந்துபோன கதையையும் சொல்லியாயிற்று. ஆக வீட்டில் மிச்சம் அம்மா, நான், என்னைவிட எட்டு வயது சின்னவனான குமரேசன். மூன்று பேரும் என் வீட்டில், என் சம்பளத்தில்.

குமரேசனுக்கு பெங்களூரில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்தது. இருட்டு விலகுவதற்குள் ரயிலைப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊர் ரயிலில் உட்கார இடம் கிடைப்பதெல்லாம் போன ஜென்மத்துப் புண்ணியம். போக நின்றுகொண்டு, வர நின்றுகொண்டு, ஆறு நாளும் அப்படி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் மனிதன்.

அந்த ஆபீசில் ஒரு மேனேஜர் வெளிநாடு போகும்போது தன் பழைய சைக்கிளை இவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தைத் துணியில் சுற்றி, கூட்டத்தில் திட்டு வாங்கிக்கொண்டே ரயிலில் கொண்டுவந்தான். ரத்தச் சிவப்பு நிறம். வாசலில் வைத்துக் கோத்து நிறுத்தினான்.

அம்மா வெளியே வந்து பார்த்தாள். "இன்னாடா இது, சைக்கிளா எலும்புக்கூடா? பின்னாடி காரியரு எங்கடா? ஒரு தவிட்டு மூட்ட வெக்க எடம் இல்ல!"

அது மலையில் ஓட்டுகிற சைக்கிள். நம் சாதாரண சைக்கிளில் சட்டமும் பின்சக்கரம் மாட்டுகிற பாகமும் ஒரே துண்டு. இதில் பின்சக்கரத்தைப் பிடிக்கிற கை தனி. கீலில் கதவு ஆடுகிற மாதிரி அந்தக் கை சட்டத்தின் நடுவில் ஒரு மூட்டில் மேலும் கீழும் ஆடும். பள்ளத்தில் விழுந்தால் அடி முதுகுக்கு வராது, நடுவில் இருக்கிற ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். அந்த மூட்டுக்குள் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டியாகப் பேரிங்குகள். சட்டம் முழுக்க அலுமினியம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

மலை என்றேனே, எங்கள் ஊர் மலை மலையே இல்லை. கல்லை மாவாக அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி வைத்த குவியல். ஒரு புல் முளைக்காது. ஆடி மாதக் காற்றில் அந்த மண் பறந்து வந்து சோற்றில் விழும், துணியில் விழும், தூங்குகிறவன் காதில் விழும். அந்தச் சரிவில் குமரேசனும் அவன் சிநேகிதன் நாகராஜும் ஞாயிறு தோறும் ஏறி இறங்குவார்கள். நாகராஜ் ஆட்டோ ஓட்டுகிறவன், வீட்டில் கன்னடம். ரெண்டு பேரும் திரும்பி வரும்போது தலை முதல் கால் வரை சாம்பல் பூசினமாதிரி வெளுத்திருக்கும், பல் மட்டும் தெரியும். குமரேசன் அவ்வளவு சிரித்து நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மாவு வைக்கிற இடம்

ரெண்டு மழைக்காலம் தாண்டியதும் சைக்கிள் முனக ஆரம்பித்தது. மிதிக்கும்போதெல்லாம் மூட்டில் கரக், கரக். பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் கிழவர் பல் மாதிரி ஆடியது. அந்த மாவு மண் தண்ணீரோடு பேரிங்குக்குள் போய் உருண்டைகளைத் தின்றிருந்தது.

குமரேசன் போனில் தேடித் தேடிப் படித்தான். பழைய ரகத்தையே போடாமல் உருண்டைகள் நெருக்கமாக அடைத்த ரகம் போடலாமாம். மூட்டு சக்கரம் மாதிரி முழுசாகச் சுற்றுவதில்லை, கொஞ்சம்தான் ஆடுகிறது. அதனால் உருண்டை அதிகம் இருந்தால் பாரம் அதிகம் தாங்கும். கணக்குச் சரிதான். நானே தலையாட்டினேன்.

"பெங்களூர்ல ஒரு கடை கீதுக்கா. அவங்களே போட்டுக் குடுப்பாங்க, ரயில்ல எடுத்துகினு போயிடறேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "இன்னாது? கடையில குடுக்கறியா? ஏன்டா, உங்கக்கா இன்னா வேலை பாக்கறான்னு தெரியுமா உனக்கு? என் இடுப்பு ஒசரம் பேரிங்க எல்லாம் எறக்கறேன்டா. இந்த மிட்டாய எறக்கத் தெரியாதா?"

"இல்லக்கா, இது வேற…"

"இன்னா வேற? பேரிங்னா பேரிங்தான்."

இந்த இடத்தில் என் ரோஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ. முடித்து ஃபேக்டரிக்குள் நுழைந்த புதிதில், நான் முடுக்கிய போல்ட்டை யாராவது ஒருத்தன் வந்து மறுபடி முடுக்கிப் பார்த்துவிட்டுப் போவான். பொம்பளை முடுக்கியதாயிற்றே. ஒருநாள் ஸ்பானரைத் தூக்கி அவன் காலடியில் எறிந்தேன். "இனிமே எவனாவது என் போல்ட்ட தொட்டுப் பாத்தீங்க, அவ்ளோதான்" என்றேன். அதிலிருந்து தொடவில்லை. அதிலிருந்து நானும் யார் சொல்லையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதைத்தான் நீங்கள் எல்லாரும் வீரம் என்று கடிதம் எழுதுகிறீர்கள்.

புதுப் பேரிங்குகள் தபாலில் வந்தன. மாட்டுவதற்கு முதல் நாளே எடுத்து ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கிற அறையில் போட்டேன். குளிர்ந்தால் உலோகம் ஒரு மயிரிழை சுருங்கும். பேரிங்கைச் சுருக்கி, குழியைச் சூடாக்கி விரித்தால் சண்டை இல்லாமல் உள்ளே போகும். எங்கள் செக்‌ஷனில் ஹவுசிங் என்று நாங்கள் சொல்கிற, பேரிங் உட்காரும் கனத்த எஃகுக் கூடுகளுக்கு தினப்படி செய்கிற வேலை.

அம்மா கத்தினாள். "ஏண்டி, மாவு வெக்கிற எடத்துல இன்னாடி இரும்ப வெச்சிகீற? ஃபேக்டரிய வூட்டுக்கே இட்டுகினு வந்துட்டியா?"

சுரண்டிப் பார்த்தேன்

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் கேஸ் டார்ச் இரவல் வாங்கினேன். செம்புக் குழாய்க்கு ஒட்டுப் போடுகிற டார்ச், நீல ஜுவாலை, அடுப்பு மாதிரி இல்லை, ஊசி மாதிரி இறங்கும்.

பற்றவைத்ததும் குமரேசன் போனை நீட்டினான். "அக்கா, இந்த வீடியோல கையால தொடற அளவு சூடு போதும்னு சொல்றான். நெருப்பு காட்டவே கூடாதாம். ஒரு நீட்டு போல்ட்டு மாட்டி ரெண்டு பக்கமும் மெதுவா முடுக்கினா போறுமாம்."

"வீடியோ பாத்து ஃபிட்டர் ஆவறதா இருந்தா நான் எதுக்குடா ஐ.டி.ஐ. படிச்சேன்? போனை உள்ள வெய்யி."

வைத்துவிட்டான். என் பேச்சைத் தட்டமாட்டான் அவன்.

எஃகுக்குச் சூடு காட்டினால் அது நிறத்தில் பேசும். முதலில் வைக்கோல் நிறம் ஏறும். அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். நீலம் வருவதற்குள் ஜுவாலையை எடுத்துவிட வேண்டும், நீலம் வந்தால் அந்த இடம் கெட்டது. எங்கள் கண்ணே தர்மாமீட்டர். இத்தனை வருஷத்தில் நான் ஒரு ஹவுசிங்கையும் கெடுத்ததில்லை.

அதே கண்ணால்தான் அன்றைக்கும் பார்த்தேன். சிவப்பு பெயின்ட் கறுத்துக் கொப்பளித்தது. பெயின்ட் என்றால் தீயத்தான் செய்யும். ஆணியால் சுரண்டிவிட்டு உள்ளே உலோகத்தைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் காட்டினேன். வெள்ளை. வைக்கோல் நிறம்கூட வரவில்லை. இதென்ன, சூடே ஏற மாட்டேன் என்கிறதே என்று ஜுவாலையை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். அங்கேயும் நீலம் வருமா என்று குனிந்து பார்த்தபடியே காட்டினேன்.

"இன்னாக்கா, இவ்ளோ கறுத்துப் போச்சி?"

"பெயின்ட்டு போனா பெயின்ட்டு அடிச்சிக்கலாம். பேசாம இரு."

அப்புறம்தான் அந்த டொக்.

மத்தியானம் கறுப்பு பெயின்ட் வாங்கி அந்த இரண்டு இடத்திலும் நானே பூசினேன். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. குமரேசன் தெருவில் ரெண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து, "வெண்ணெக்கா, வெண்ணெ மாதிரி போவுது" என்றான். அம்மாகூட வாசலில் நின்று பார்த்தாள்.

எப்பவும் இறங்குகிற இறக்கம்

முதல் ஞாயிறு பேத்தமங்களா ஏரி வரைக்கும் ரோட்டிலேயே போய் வந்தான். ரெண்டாவது ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறு காலை பத்து மணி இருக்கும், நான் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். நாகராஜின் ஆட்டோ சத்தம் கேட்டது. அவன் இறங்கவே இல்லை. உள்ளேயிருந்தே கத்தினான்.

"அக்கா, பேகா, சீக்கிரம் வாங்கக்கா! குமரேசன் வுயுந்துட்டான். எயுந்திரிக்க மாட்டேன்றான்!"

சோப்பு நுரையோடு அப்படியே ஏறினேன். மலையடியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். குமரேசன் மல்லாந்து கிடந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்ததும், "அக்கா, காலு எங்க கீதுன்னே தெரியலக்கா" என்றான். நடுக்கம் இல்லாத குரலில், சந்தேகம் கேட்கிற மாதிரிச் சொன்னான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கோலார், அங்கிருந்து பெங்களூர், ஆபரேஷன், மறுபடி ஆபரேஷன். டாக்டர்கள் முதுகெலும்புப் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்கள். எனக்கு எதுவும் ஏறவில்லை. அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எல்லாரும் என்னைத் தைரியசாலி என்றார்கள்.

ரெண்டு நாள் கழித்து மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நாகராஜ் உடைந்த சைக்கிளை ஆட்டோவில் கட்டிக் கொண்டுவந்து வாசலில் சாய்த்துவிட்டு நின்றான்.

"குதிக்கலக்கா. சத்தியமா குதிக்கல. எப்பவும் எறங்கற எறக்கம்தான். நடுவுல சின்ன ஓடை ஒண்ணு கீது இல்ல, அதுல எறங்கி ஏறச்சொல்ல பின்னாடி சக்கரம் அப்டியே மடங்கி உள்ள பூந்துடுச்சி. நான் பின்னாடியே வந்துகினு இருந்தேன்."

அவன் போனதும் குனிந்து பார்த்தேன். உடைந்த இரும்பைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது. முறிந்த எஃகு படக்கென்று முறிந்த முகத்தைக் காட்டும். இது முறியவில்லை. தகர மூடி மாதிரி வளைந்து, இழுபட்டு, அப்புறம் கிழிந்திருந்தது. கிழிந்த விளிம்பில் என் கறுப்பு பெயின்ட் இருந்தது. பேரிங் மட்டும் புதுசாக, அழகாக, குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அப்போதே பாதி தெரிந்துவிட்டது. மீதியைத் தெரிந்துகொள்ள வேலைக்குத் திரும்பியதும் வெல்டர் தாமோதரனிடம் போனேன். அலுமினிய வெல்டிங்கில் எங்கள் ஃபேக்டரியில் அவர்தான் கெட்டி. யாரோ கேட்டார்கள் என்று பொய் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

"அலுமினியத்துக்கு டார்ச் காட்டினா நெறம் மாறாதா அண்ணே?"

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அது இன்னா எஃகா, வைக்கோலு நீலம்னு காட்டறதுக்கு? ஒண்ணியும் காட்டாதும்மா. உருகற வரைக்கும் வெள்ளையாவே நிக்கும். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ள இருக்கற ஸ்ட்ரெங்த்து பூடும். பாக்க அப்டியே கீது, அமுக்கினா மெழுகு. யாரு பண்ணது?"

"யாரோ தெரிஞ்சவங்க."

"வண்டியா? ஓட்ட வேணாம்னு சொல்லிடு" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

மூட்டை

மறுநாள் விடிந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாளைக்கு வந்திருந்த அம்மா எழுந்திருப்பதற்குள், அந்தச் சட்டத்தைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். ராபர்ட்சன்பேட்டையில் பழைய சாமான் கடைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தேன். யாரும் பார்க்கக் கூடாது என்பதைத் தவிர வேறு எண்ணமே இல்லை. தம்பி ஆஸ்பத்திரியில் குழாய் மாட்டிக் கிடக்கிறான், அக்கா தடயத்தை அழிக்கிறாள். சினிமாவில் வந்தால் நானே காறித் துப்பியிருப்பேன்.

மாதக்கணக்கில் கழித்து அவனை வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்த வாரமே கேட்டான்.

"அக்கா, சைக்கிள் எங்க?"

"அம்மாதான்டா, அது கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னா. குடுத்துட்டேன்."

அம்மாவின் மேல் போட்டேன். நாக்கு கூசவே இல்லை.

"ம்" என்றான். அப்புறம் கேட்கவில்லை.

அம்மாவின் வாய்

அம்மாவின் வாய்க்கு எங்கள் லைன் வீடுகளில் எல்லாரும் பயப்படுவார்கள். தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் ஒருமுறை எங்கள் தெருவை விட்டுவிட்டுப் போய்விட்டான். அம்மா குடத்தோடு அவன் வீட்டுக்கே போய், அவன் பெண்சாதி முன்னாலேயே அவனை நார் நாராகக் கிழித்தாள். அதற்கப்புறம் எங்கள் தெருவுக்குத்தான் முதல் தண்ணீர்.

அந்த வாய் முழுக்கக் குமரேசன் மேல் திரும்பியது. அவனைப் புரட்டுவதும், துடைப்பதும், துணி மாற்றுவதும் அம்மாதான். என்னை விடமாட்டாள். அந்த வயதில் அவனை இடுப்பைப் பிடித்துத் தூக்குவாள், தூக்கும்போதே திட்டுவாள்.

"எவன்டா உன்ன அந்த மல மேல ஏறச் சொன்னது? ரெண்டு காலும் நல்லாத்தானே குடுத்தான் ஆண்டவன்? திமிரு! திமிர்ல போயி எலும்ப ஒட்சிகினு வந்து என் உயிர வாங்கறே!"

"ஆமாம்மா. தப்புதான்" என்பான்.

"அவளப் பாரு. பொட்டப்புள்ள, ஒயுங்கா வேலைக்குப் போயி உனக்கும் எனக்கும் சோறு போடறா. நீயும் கீறியே!"

அவள் என்றது என்னைத்தான். அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒருநாள் ரெண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில். ரசம் ஊற்றிக்கொள்வேன், அப்பளம் நொறுக்குவேன், எழுந்து கை கழுவுவேன். ஒவ்வொரு தடவையும் இப்போது சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விழுங்கிவிடுவேன். அம்மா என்னை அந்த மாதிரி ஒருமுறை பார்த்தால் தாங்கமாட்டேன் என்று பயம். வேறு ஒரு காரணமும் இல்லை. நான் கோழை.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். கடைசி நாள் சாயங்காலம் குமரேசனின் சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினேன். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ போவாம இருந்திருக்கலாம்டா" என்றாள். திட்டவில்லை. திட்டுகிற தெம்பு போய்விட்டது.

"ஆமாம்மா. போயிருக்கக் கூடாது. என் தப்புதான்" என்றான்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. விடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

படித்துக் காட்டினேன்

இதுவரைக்கும் நீங்கள் படித்ததை எழுதி முடித்துவிட்டு, மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் குமரேசன் முன்னால் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்தபடியே போனில் பேசுகிற ஒரு வேலை இப்போது அவனுக்குக் கிடைத்திருக்கிறது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தான். நான் முதல் வரியிலிருந்து படித்தேன். டார்ச் வந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். சாக்கு மூட்டையையும் படித்தேன். அம்மாவின் மேல் பழி போட்டதையும் படித்தேன்.

அவன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"எனக்குத் தெரியும்."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான்.

"நீ சொன்ன அன்னிக்கே நான் அம்மாவக் கேட்டேன், ஏம்மா சைக்கிள குடுக்கச் சொன்னேன்னு. நான் எங்கடா சொன்னேன், உங்கக்காதான் காலங்காத்தால மூட்ட கட்டி எடுத்துகினு போனான்னு அது சொல்லிச்சி. அப்பால நாகராஜ கேட்டேன், எந்த எடத்துல மடங்கிச்சின்னு. கறுப்பு பெயின்ட்டு அடிச்ச எடத்துலன்னான். எனக்குக் கால்தான் போச்சி. மூள கீது."

"அப்போ… வூட்டுக்கு வந்த வாரத்துலருந்து?"

"அப்போலருந்து. வீடியோ சொன்னத நான் சொன்னேன், நீ கேக்கல. சரி, அது தெரியாம பண்ணது. அத்த நான் எப்பவோ உட்டுட்டேன். நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். ஒரு வருஷம் பாத்தேன். அம்மா என்ன அப்டி வாங்கு வாங்குன்னு வாங்கும். நீ பக்கத்துல உக்காந்து அப்பளம் துன்னுவே."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தம்பியை யாராவது கும்பிடுவார்களா? நான் கும்பிட்டேன். "நீயாவது சொல்லியிருக்கலாமேடா. அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, உன்ன அப்டித் திட்டிகினே செத்திருக்காதே."

அவன் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினான்.

"சொல்லிட்டு? அம்மாவுக்கு இருந்தது நம்ம ரெண்டு பேரு. என்னால எயுந்து போயி ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுக்க ஆவாது. உன் வூட்ல, உன் கையால வாங்கித்தான் துன்னணும். உன்னயும் வெறுத்துட்டா அந்தச் சோறு அதுக்கு எறங்குமா? அந்த வயசுல எங்க போவும்? திட்டறதுக்கு ஒரு புள்ள போறும்னு உட்டுட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் போட்டு அழுதேன். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான்.

"அழுவாத" என்றான். "உனக்காகப் பண்ணல. அம்மாவுக்காகப் பண்ணேன்."

காதில் மாட்டுவதை எடுத்து மாட்டிக்கொண்டான். வேலையில் யாரோ கூப்பிட்டார்கள், மரியாதையாகக் கன்னடத்தில் பேச ஆரம்பித்தான்.

மூன்று வாரம் ஆகிறது. எழுதியதை அனுப்பட்டுமா என்று கேட்டேன், அனுப்பு என்றான். பெயரை மாற்றட்டுமா என்றேன், வேண்டாம் என்றான். சோறு வைத்தால் சாப்பிடுகிறான். தூக்கி உட்காரவைத்தால் என் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் என்கிறான், ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் ஜன்னல் என்கிறான். அக்கா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.